“நீ ஆருட புள்ள?”

கிழக்கிலங்கையில் முஸ்லிம் ஊரான மருதமுனையைச் சேர்ந்த, கலைப்பீடத்தில் முதலாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டிருந்தார்: “சேர், பால்நிலை, இனம், வர்க்கம் ஆகிய மூன்றின் ஊடாகவும் சமூகமயமாக்கல் ஒருவருடைய அடையாளத்தை வடிவமைக்கின்றது என்று விரிவுரைக் குறிப்பில் இருக்கிறது. குடும்பம், பாடசாலை, சமவயதுக் குழு, ஊடகம் என்று நான்கு முகவர்களையும் பாடமாக்கிவிட்டேன். ஆனால் நான் ஒரே ஆள்தானே? என்னை எந்த இடத்தில் எது செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?”

பிள்ளைக்குச் சமூகத்தின் முறைகளைப் பழக்கும் அந்த நான்கு முகவர்களின் பட்டியலைப் பல வருடம் கரும்பலகையில் எழுதியவர்களில் நானும் ஒருவன். பட்டியலில் பிழை இல்லை. ஆனால் நான்கு குழாய்களால் ஒரு பானைக்குள் தண்ணீர் ஊற்றப்படுவது போன்ற ஒரு படத்தை அது மாணவரின் மனதில் பதித்துவிடுகிறது. பிள்ளை பானையைப் போல வாய் திறந்து சும்மா இருப்பதில்லை. நான் விளங்கிக்கொண்ட விதத்தில், ஊரும் அரசும் ஒருவரிடம் திரும்பத் திரும்பக் கேட்கின்ற சில கேள்விகளுக்கு, அவர் யோசிக்காமலே சொல்லப் பழகிவிட்ட விடைகளின் தொகுப்பைத்தான் அடையாளம் என்கிறோம். எந்தக் கேள்வி, யாரால், எந்த வயதில், எந்தத் தொனியில் கேட்கப்பட்டது என்று பின்தொடர்ந்து போனால், உங்களை எது எங்கே செய்தது என்பதன் பெரும்பகுதி பிடிபட்டுவிடும்.

மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு பிள்ளை முதன்முதலில் கேட்கும் அத்தகைய கேள்வி “நீ ஆருட புள்ள?” என்பதாகும். கடைக்குத் தேங்காயெண்ணெய் வாங்கப் போன ஐந்து வயதுப் பிள்ளையிடம், திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் கிழவி இதைக் கேட்பாள். பிள்ளை தகப்பன் பெயரைச் சொன்னால் கிழவி திருப்தியடைய மாட்டாள், “அது கிடக்கட்டும், உன்ட அம்மா எந்த வளவு?” என்று அடுத்ததைக் கேட்பாள். தாயின் பெயரும் தாயின் தாயின் பெயரும் வந்த பிறகுதான் “ஆ, அந்தப் புள்ளையா, வாகா இஞ்ச” என்று முகம் மலரும். அந்த மலர்ச்சியைப் பார்த்துத்தான் பிள்ளை, தான் யார் என்பதற்கு எது சரியான விடை என்று அறிந்துகொள்கிறது. பிறருடைய முகத்தைக் கண்ணாடியாக வைத்து நாம் நம்மை அறிகிறோம் என்று சார்ல்ஸ் கூலி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1902இல் எழுதினார். அவருக்குப் பின் வந்த ஜோர்ஜ் ஹேர்பட் மீட், குழுவாக விளையாடும் பிள்ளை மற்ற எல்லோருடைய இடத்தையும் தன் தலைக்குள் வைத்துக்கொண்டுதான் தன் இடத்தில் நிற்கிறது என்றார். அவர் தம் நாட்டுப் பந்தாட்டத்தை எடுத்துக்காட்டினார்; நமக்கு நம் ஊர்த் தடிப்பந்து விளையாட்டான எல்லே போதும். துடுப்புத் தடியைப் பிடித்தவன் பந்தை மட்டும் பார்த்தால் ஆட்டம் நடக்காது. யார் எங்கே நிற்கிறார்கள், அவர்கள் என்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிழவியின் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய அமைப்பு இருக்கிறது. கிழக்குக் கரையில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி என்ற பரம்பரைக் குழு தாய்வழியாகவே வருகிறது. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என்று தமிழர் சொல்லும் குடியாகட்டும், பள்ளிவாசலில் தனக்கென்று மரைக்காயர் என்ற ஒரு பிரதிநிதியை வைத்திருந்த முஸ்லிம் குடியாகட்டும், பிள்ளை தாயின் குடியையே சேரும்; தகப்பனும் பிள்ளையும் வெவ்வேறு குடியாக இருப்பார்கள். குடிக்குள் இருக்கும் சிறு கிளைக்கு வயிற்றுவார் என்றே பெயர். பேச்சில் ‘வகுத்துவார்’ என்போம். இந்தச் சொல்லை வெளியூர் மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் ஒரு நிமிடம் அமைதியாகிவிடுவார்கள். முன்பு மட்டக்களப்பின் பழைய வழக்குச் சட்டமான முக்குவர் சட்டப்படி முதுசொம் என்ற பரம்பரைச் சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குப் போனது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்ததும் அந்த முறைக்குச் சட்ட வலு இல்லாமல் போனது. ஆனால் சட்டம் செத்து ஒன்றரை நூற்றாண்டான பின்னும் பெண்ணுக்கு வீடு எழுதும் வழக்கம் சாகவில்லை. எந்தச் சட்டப் புத்தகத்தையும் திறக்காத தாய்மார் அதைத் தம் மகள்மாருக்குக் கடத்திக்கொண்டே இருந்தார்கள். சமூகமயமாக்கல் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் இது.

இனிப் பால்நிலைக்கு வருவோம். தமிழ்நாட்டின் பல பகுதிகளில் பெண்பிள்ளை சிறுவயதிலிருந்தே கேட்கும் வசனம் ‘நீ இன்னொரு வீட்டுக்குப் போறவள்’ என்பது. பிறந்த வீடு, புகுந்த வீடு என்ற சொற்களே அந்த வாழ்க்கையை இரண்டாகப் பிரித்துவிடுகின்றன. எங்கள் ஊர்களில் அந்த வசனம் பொருந்தாது. கல்யாணம் முடித்துப் பெண்வீட்டுக்குப் போவது ஆண். தாய்தகப்பன் தாங்கள் இருந்த வீட்டை மூத்த மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவில் அல்லது பக்கத்து வளவில் இன்னொரு வீடு கட்டி இளைய பிள்ளைகளோடு அங்கே போவார்கள். அடுத்த மகளுக்குக் காலம் வந்ததும் அதையும் கொடுத்துவிட்டு மேலும் ஒதுங்குவார்கள். கடைசியில் ஒரு சாய்ப்புக்குள் இருப்பார்கள். அக்காள் தங்கைகளின் வீடுகள் வரிசையாக நிற்க, வெளியூர் மாப்பிள்ளைகள் அவற்றுக்குள் விருந்தாளிகளாகத் தொடங்கி மெல்ல வீட்டுக்காரர்களாவார்கள்.

நான் எட்டு வயதில் எங்கள் கிணற்றடியில் ஒரு மாங்கன்று நட்டேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அம்மம்மா, “ஊத்து, ஊத்து, தங்கச்சிக்குக் காய்க்கும்” என்றார். அவர் என்னை நோகடிக்கச் சொல்லவில்லை. மழை பெய்யும் என்பது போலச் சொன்னார். அந்த மரம் இன்றைக்கும் காய்க்கிறது. போகும்போதெல்லாம் தங்கையிடம் கேட்டுத்தான் இரண்டு பழம் எடுத்துக்கொண்டு வருகிறேன். ஆண்பிள்ளை என்றால் வெளியே சம்பாதித்து உள்ளே கொண்டுவர வேண்டியவன், நிற்கும் மண் அவனுடையதல்ல என்ற பாடத்தை எனக்கு எந்த ஆசிரியரும் நடத்தவில்லை. அந்த மாங்கன்றடியில்தான் நான் அதைப் படித்தேன்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, மட்டக்களப்பில் பெண்ணாட்சி நடக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். வெளியிலிருந்து வருபவர்கள் அவசரப்பட்டு விழும் குழி அது. குடி பெண்வழி வந்தாலும், கோயில் நிர்வாகத்தில் குடிக்காக வண்ணக்கராக நிற்பவர் ஆண். பள்ளிவாசலில் குடிக்காகப் பேசிய மரைக்காயரும் ஆண். வைகாசியில் கண்ணகி அம்மனுக்குச் சடங்கு நடக்கும்போது தெய்வம் பெண், காவியத்தின் நாயகி பெண், கேட்டு அழுபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். சடங்கை நடத்தும் கட்டாடியார் ஆண். கூத்திலும் வெகுகாலம் பெண் வேடத்தை ஆண்களே கட்டினார்கள். உங்கள் பக்கத்தில் வீட்டு உறுதி (உரிமைப் பத்திரம்) மணமகளின் பெயரில் எழுதப்படுகிறது. ஆனால் அவளுடைய திருமணத்தைப் பதிவு செய்யும்போது, 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அவளுடைய கையெழுத்தைக் கோரவில்லை, ‘வலி’ எனப்படும் ஆண் பாதுகாவலரின் கையெழுத்தையே கேட்டது. வீட்டின் உரிமைக்காரிக்குத் தன் கல்யாணத் தாளில் இடம் இல்லாமல் இருந்தது. ஆகவே நம் பெண்பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு பாடங்களைப் படிக்கிறாள்: இந்த மண் உன்னுடையது, இந்த மண்ணைப் பற்றிப் பேசும் வாய் உன்னுடையதல்ல.

இரண்டாவது பாடம் எப்போது தொடங்குகிறது என்பதைக் கிட்டநின்று பார்க்கலாம். பத்து வயது வரை நாவல் மரத்தில் ஏறி, தோணாவில் பொடியன்களோடு இறால் தடவித் திரிந்த பிள்ளை, பெரியபிள்ளையாகி ஒதுக்கி வைக்கப்பட்டு, குரவையோடு தண்ணீர் வார்க்கப்பட்டு வெளியே வரும்போது அவளுடைய குரலின் உயரமே மாறியிருக்கும். யாரும் ‘மெதுவாகப் பேசு’ என்று சட்டம் போடுவதில்லை. முன்பு அவள் சத்தம் போட்டபோது சிரித்தவர்கள் இப்போது சிரிப்பதில்லை, அவ்வளவுதான். அதே வயதில் அவளுடைய தம்பி தகப்பனோடு வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்குப் போய், வாடியில் காவல் படுக்கத் தொடங்கியிருப்பான். இது பருவ வயதில்தான் ஆரம்பிக்கிறது என்பதும் இல்லை. 1970களில் செய்த பரிசோதனை ஒன்றில் ஒரே கைக்குழந்தையை ஆண் உடையிலும் பெண் உடையிலும் மாற்றிக் காட்டினார்கள். பெண் என்று நம்பிய தாய்மார் பொம்மையையும், ஆண் என்று நம்பியவர்கள் விளையாட்டுச் சுத்தியலையும் முதலில் நீட்டினார்கள். குழந்தை ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தவர்கள் முந்திக்கொண்டார்கள்.

இனம் என்ற சொல்லுக்கு வரும்போது உங்கள் பாடநூல் அமெரிக்காவுக்குப் போய்விடும். போகட்டும், அங்கேயும் கற்க இருக்கிறது. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கணவன் மனைவி இருவரும் 1940களில், நிறத்தைத் தவிர மற்றெல்லாம் ஒன்றாக இருந்த பொம்மைகளைக் கறுப்பினப் பிள்ளைகளிடம் காட்டி எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பிரித்து நடத்தும் பாடசாலைகள் சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வும் கணக்கில் எடுக்கப்பட்டது. ஆனால் நிறத்தை வைத்து இனத்தை விளங்கிக்கொள்ளப் பழகிய ஒருவர் கல்முனையில் வந்து இறங்கினால் திகைத்துப்போவார். நிறத்தில், மொழியில், சோற்றில், குடிமுறையில் வேறுபாடு காண முடியாத இரண்டு மக்கள் இங்கே இரண்டு இனங்களாக இருக்கிறார்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் வந்தால் ஊர்கள் பாயில் கோடு மாறுவது போல மாறிமாறி வரும்: அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர் தாண்டிக் காரைதீவு, பிறகு சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை, கல்லாறு என்று நீண்டு, ஆரையம்பதிக்கும் கல்லடிக்கும் இடையில் காத்தான்குடி. எங்கே தமிழ் ஊர் முடிந்து முஸ்லிம் ஊர் தொடங்குகிறது என்று காட்டும் மைல்கல் எதுவும் கிடையாது. ஆனால் இந்த பஸ்ஸில் வளர்ந்த ஆறு வயதுப் பிள்ளைக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். நம்மவர்கள் இந்த உறவைப் ‘புட்டும் தேங்காய்ப்பூவும் போல’ என்பார்கள். மேடையில் பேசுபவர்கள் அதைக் கலப்புக்கு உதாரணமாகச் சொல்வார்கள். குழலைக் கவிழ்த்தால் அடுக்கு அடுக்காகவே விழும் என்பதைச் சமைப்பவர்கள் அறிவார்கள். எனக்கு இரண்டு பொருளும் பிடிக்கும்.

தமிழ்நாட்டில் தமிழ் பேசும் முஸ்லிம் பெரும்பாலும் தன்னைத் தமிழர் என்று தயங்காமல் சொல்வார். இலங்கையில் அப்படி இல்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், இலங்கைச் சோனகர் மதத்தால் முஸ்லிம்கள், இனத்தால் தமிழர் என்று வாதிட்டார். சட்டநிரூபண சபையில் யாருக்கு யார் பிரதிநிதி என்ற கேள்வி சூடாக இருந்த காலம் அது. 1889இல் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனமும் கிடைத்தது. இராமநாதனுக்கு மறுப்பாக ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் ஒரு நூலே எழுதினார். கொழும்பில் படித்த மனிதர்களிடையே நடந்த அந்த வாதம், குடிசனமதிப்பின் நிரல்களாகி, பாடசாலை வகைகளாகி, தேர்தல் தொகுதிகளாகி, எண்பது வருடத்துக்குள் கிழக்கின் ஒரு பிள்ளை பிறந்த நிமிடத்திலேயே பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும் சொல்லாகிவிட்டது. ‘இனம்’ என்ற கட்டத்தில் ‘இலங்கைத் தமிழர்’ என்றோ ‘இலங்கைச் சோனகர்’ என்றோ எழுதாமல் அந்தத் தாள் நிறைவுபெறவில்லை.

பாடசாலை இதை எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். உங்களுக்கும் பாண்டிருப்பில் இருக்கும் உங்கள் வயதுப் பிள்ளைக்கும் கணிதம், விஞ்ஞானம், தமிழ் எல்லாம் ஒரே பாடநூல். சமயப் பாட வேளையில் மட்டும் புத்தகம் வேறு. அது இயல்பானதுதான். ஆனால் முஸ்லிம் பாடசாலைகள் தனி வகையாக்கப்பட்டு, நோன்பை ஒட்டி அவற்றின் விடுமுறைக் காலமும் வேறானபோது, பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் இருவரும் ஒரே நாளில் விளையாடப் போகும் வாய்ப்பே குறைந்துவிட்டது. நாட்காட்டி யாருக்கும் விரோதி இல்லை. அது வெறுப்பைக் கற்பிப்பதும் இல்லை. யாரைத் தெரியாமலே வளரலாம் என்பதைத்தான் அது கற்பிக்கிறது. தெரியாமல் வளர்ந்தவர்களுக்கிடையில் 1985இன் தமிழ் முஸ்லிம் கலவரமும் 1990இன் படுகொலைகளும் வந்து விழுந்தபோது, அந்த இடைவெளி முழுவதும் பயத்தால் நிரம்பியது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தோன்றியதற்கும் (1995இல் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் பல்கலைக்கழகமானது) அந்தக் காலத்து அச்சத்துக்கும் தொடர்பு உண்டு. அதற்கு முன் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரு பக்கப் பிள்ளைகளும் ஒன்றாகப் படித்தார்கள்.

சோதனைச்சாவடியை எந்தப் பாடநூலும் சமூகமயமாக்கும் முகவராகக் குறிப்பிடவில்லை, நான் குறிப்பிடுவேன். போர்க்காலத்தில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி நடக்க விட்டு, அடையாள அட்டையைப் பார்த்து, பெயரையும் ஊரையும் வைத்து ஒருவரை வலப்பக்கமும் இன்னொருவரை இடப்பக்கமும் நிற்கச் சொன்ன அந்த இடத்தில், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை தன் பெயர் எவ்வளவு எடையுள்ளது என்பதை அறிந்துகொண்டது. அன்று நான் வளர்ந்தவன். இருந்தும், அட்டையை எடுத்து நீட்டும்போது என் தோள்கள் தாமாக முன்னுக்கு வளைந்ததை இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன்.

இன எல்லை கல்லில் வெட்டியது அல்ல என்பதற்கும் நம் கரையிலேயே சான்று உண்டு. பொத்துவிலுக்குத் தெற்கே பாணமையில் சிங்களமும் தமிழும் ஒரே குடும்பத்துக்குள் கலந்திருந்ததையும், குடிமுறை அங்கேயும் இருந்ததையும் 1950களில் அங்கு தங்கிய நூர் யல்மன் என்ற மானிடவியலாளர் விரிவாகப் பதிந்திருக்கிறார். நாம் கண்ணகிக்குக் கொம்புகளைக் கொளுவி இழுக்கும் கொம்புமுறி நடத்தும்போது, அவர்கள் பத்தினித் தெய்யோவுக்கு அங்கெலிய என்று அதே கொம்பை இழுக்கிறார்கள். வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் தமிழ் பேசுகிறார்கள். மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கேயக் கிரியோலைப் பேசும் முதியவர்கள் குறைந்துபோய்ப் பேரப்பிள்ளைகள் தமிழில் சண்டை பிடிக்கிறார்கள். ஆனால் கல்யாணத்தில் கபிறிஞ்ஞா ஆடும்போது அவர்கள் யார் என்பதில் யாருக்கும் ஐயம் வராது. மொழி மாறினாலும் அடையாளம் நிற்கலாம், மொழி ஒன்றானாலும் அடையாளம் பிரியலாம்.

வர்க்கத்தைப் பற்றி எழுதும்போது எனக்கு நடுநிலை கொஞ்சம் குறையும்; பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படுவான்கரைப் பிள்ளை. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ளது எழுவான்கரை: நகரம், பெரிய பாடசாலைகள், ஆஸ்பத்திரி. மேற்கே உள்ளது படுவான்கரை: வயல், குளம், மாட்டுப்பட்டி. சூரியன் எழும் கரை, படும் கரை என்ற பொருளில் வைத்த பெயர்கள்தான். ஆனால் நகரத்துப் பிள்ளைகளின் வாயில் ‘படுவான்கரையான்’ என்பது திசையைக் குறிக்கும் சொல்லாக இருக்கவில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை நாங்கள் பாதையில்தான் வாவியைக் கடந்தோம். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக் கடத்தும் அந்த மிதவைக்கு எங்கள் பக்கம் ‘பாதை’ என்றே பெயர். பாதை பிந்தினால் பாடசாலை மணி அடித்துவிடும். பிந்தி வந்த பிள்ளை சோம்பேறி என்று பதிவாகும்.

என் தகப்பனார் ஒரு போடியாரிடம், அதாவது பெரிய வயற்சொந்தக்காரரிடம், முல்லைக்காரனாக இருந்தார். வயலைச் செய்விப்பவர் முல்லைக்காரர். விதைப்பு, தண்ணீர், சூடடிப்பு எல்லாம் அவருடைய பொறுப்பு. களத்தில் பொலி குவிந்ததும் பங்கு பிரிப்பது போடியார். வட்டைக்குள் தகப்பனாரின் சொல்லுக்கு மறுசொல் இல்லை. அதே மனிதர் போடியாரின் கடப்படிக்கு வந்ததும் தோளில் கிடந்த சால்வை தானாக இடுப்புக்கு இறங்கும். அவர் யோசித்து இறக்கியதாக எனக்குத் தோன்றவில்லை, கை செய்தது. இப்படி உடம்பில் ஊறிப்போன பழக்கத்தைத்தான் பியர் போர்தியு என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர் வர்க்கத்தின் ஆழமான இருப்பிடம் என்று காட்டினார். பல வருடங்களுக்குப் பிறகு நான் அரச உத்தியோகத்தனாகி ஒரு பிரதேச செயலகத்துக்குப் போனபோது, எனக்காகப் போடப்பட்ட கதிரையின் நுனியில்தான் உட்கார்ந்தேன். கூட வந்த நண்பர், போடியார் குடும்பத்துப் பிள்ளை, காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். சம்பளம் இருவருக்கும் ஒன்றுதான்.

மொழியில் அது இன்னும் கூர்மையாக நடக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சையில் தேறி ஆறாம் வகுப்புக்கு நகரப் பாடசாலை ஒன்றுக்குப் போன முதல் வாரத்தில், ஆசிரியர் கதை சொல்லச் சொன்னார். நான் எழுந்து, “நரி வந்திச்சி, மறுகா ஆத்துக்குப் போனிச்சி, மறுகா…” என்றேன். வகுப்பு சிரித்தது, ஆசிரியரும் சிரித்துவிட்டு, ‘மறுகா’ எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொன்னார். ‘மறுகா’ என்பதில் என்ன குறை? ‘பிறகு’ என்பதைப் போல அதுவும் ஒரு தமிழ்ச் சொல்தான். ஆனால் அன்றிலிருந்து எனக்கு இரண்டு தமிழ் வந்தது, பாதைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. தொழிலாளர் வீட்டுப் பிள்ளையின் பேச்சுமுறையும் பாடசாலை எதிர்பார்க்கும் பேச்சுமுறையும் வேறாக இருப்பதால் அந்தப் பிள்ளை அறிவு குறைந்ததாக எண்ணப்படுகிறது என்ற விவாதத்தை பேசில் பேர்ன்ஸ்டைன் இங்கிலாந்தில் தொடக்கிவைத்தார். அவரைப் படித்தபோது எனக்கு அந்த நரிக்கதைதான் ஞாபகம் வந்தது. மெல்வின் கோன் 1969இல் காட்டியதும் இதோடு சேரும்: பிறர் கட்டளைக்குக் கீழ் வேலை செய்யும் பெற்றோர் பிள்ளையிடம் கீழ்ப்படிவை எதிர்பார்க்கிறார்கள்; தாமே முடிவெடுக்கும் தொழிலில் உள்ளவர்கள் பிள்ளையிடம் சுயமாகத் தீர்மானிக்கும் திறனை எதிர்பார்க்கிறார்கள். என் தகப்பனார் எனக்குச் சொன்ன ஒரே அறிவுரை ‘வாத்தியார் சொல்றதக் கேள்’ என்பதாகும். நண்பரின் வீட்டில், வாத்தியார் சொன்னதைப் பற்றி மேசையில் விவாதிப்பார்கள்.

சாதியை இங்கே ஒரு வரியில் கடந்துபோவது நேர்மையாகாது. என்றாலும் உங்கள் கேள்வியில் அது இல்லை. எங்கள் பக்கத்தில் வர்க்கத்தைச் சொல்லும்போது சாதி அதன் நிழலாகக் கூடவே நடக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கோயில் திருவிழாவில் யார் பறை அடிப்பது, யார் எந்த நாளுக்கு உபயகாரர், யார் எந்த இடத்தில் நிற்பது என்ற ஒழுங்கைப் பார்த்தே ஒரு பிள்ளை படிவம் நிரப்பாமல் தன் இடத்தை அறிந்துவிடும்.

இந்த மூன்றும் தனித்தனி அச்சுகளா என்பதுதான் உங்கள் சந்தேகத்தின் முடிச்சு. இல்லை. கிம்பர்லி கிரென்ஷோ என்ற சட்ட அறிஞர் 1989இல், கறுப்பினப் பெண்களுக்கு நேரும் அநீதியை ‘பெண்’ என்றும் ‘கறுப்பினம்’ என்றும் பிரித்துப் பார்த்தால் அது கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது என்று காட்டினார். நம் கரையில் அதே விடயம் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வெளிப்பட்டது. இலங்கையில் கடல் அதிக உயிர்களைக் கொண்டுபோன மாவட்டம் அம்பாறை. கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் அழிந்துபோனவற்றில் பெருந்தொகையானவை பெண்களின் பெயரில் இருந்த சீதன வீடுகள். நிவாரணப் பட்டியல் எழுத வந்தவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: ‘குடும்பத் தலைவர் யார்?’ எல்லோரும், பெண்கள் உட்பட, கணவன் பெயரைச் சொன்னார்கள். கேட்கப்பட்ட கேள்விக்கு அதுதான் பழகிய விடை. ‘வீடு யாருடையது?’ என்று கேட்டிருந்தால் அதே வாய் வேறு பெயரைச் சொல்லியிருக்கும். அரச காணிகளில் புது வீடுகள் எழுந்தபோது, தாய் வழியாக மகளுக்கு வந்துகொண்டிருந்த சொத்து பல இடங்களில் கணவன் பெயருக்கு மாறிவிட்டது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்து எழுதுங்கள் என்று மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெண்கள் அமைப்புகள் கேட்டபோது, காணிச் சட்ட நடைமுறை அதற்கு இடம் தரவில்லை என்ற பதில் வந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு அட்டவணையிலோ மகள்மாருக்கு முன் மகன்மார் நின்றார்கள்.

இதில் இழந்தது யார்? வசதியுள்ள குடும்பம் வேறொரு வளவை வாங்கி மகளுக்கு எழுதிவிட்டது. மீன்பிடிக் குடும்பத்திலும் கூலிக் குடும்பத்திலும் அந்த வீடு ஒன்றுதான் இருந்தது. அது போனால் மகளுக்கு வீடு கட்ட வாப்பாவோ காக்காவோ, சில வேளை உம்மாவேயோ மத்திய கிழக்குக்கு விமானம் ஏற வேண்டும். அங்கே வேறொரு வீட்டின் குசினியில் நிற்கும் உம்மா, இங்கே ஒரு வீட்டின் உரிமைக்காரி. அவளைப் பெண் என்று மட்டும், முஸ்லிம் என்று மட்டும், ஏழை என்று மட்டும் எழுதினால் எதுவும் விளங்காது.

உங்கள் கேள்விக்குக் கோட்பாட்டு நூல்களை விட உங்கள் வீட்டு அலுமாரி அதிகம் உதவும் என்று நினைக்கிறேன், மகள். அதில் வீட்டு உறுதி ஒன்றும், கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்த குடும்ப விபரப் படிவத்தின் பிரதி ஒன்றும் இருக்கக்கூடும். இரண்டையும் எடுத்து, எதில் யாருடைய பெயர் முதலில் இருக்கிறது, எந்த வருடம் எழுதப்பட்டது, யார் கையெழுத்திட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உம்மாவிடமும் உம்மம்மாவிடமும் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “இது யாருட வீடு?” யார் உடனே சொன்னார்கள், யார் வாப்பா இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள் என்பதையும் எழுதிவையுங்கள்.